நாலு மா மிராசு

ஒரு நாள் பாங்கிலிருந்து செல்போனில் செய்தி வந்தது. 2,000 ரூபாய் வரவு. எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கோ மனம் இளகிவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். விசாரித்ததில், நான் விவசாயி என்பதற்காக மத்திய சர்க்கார் அனுப்பிய பணம் என்று தெரிந்தது!

தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா வைத்துவிட்டுப் போன நாலு மா நஞ்சை என் பெயரில் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் ஒன்றேகாலுக்குச் சற்று அதிகம். நான் அதில் கால் வைப்பது வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் வரப்பிலே. உழுவது, விதைப்பது, பூச்சிமருந்து அடிப்பது எல்லாம் குத்தகைக்காரர். அப்பா காலத்திலிருந்து அவர்தான். நான் அவரை அண்ணே என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார்.

பி.எம். கிசான் என்ற அந்தத் திட்டம் 2019 பிப்ரவரி 24ஆம் தேதி ஆரம்பமானது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றார்கள். அந்த வருஷமே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கிடையாது. என் நாவல்கள் எனக்கு அந்தக் கஷ்டத்தை வைக்கவில்லை. மற்றபடி கேள்வி ஒன்றுதான்: நிலம் யார் பெயரில்? யார் உழுகிறார்கள் என்று கேட்பதில்லை. குத்தகைக்கு உழுகிறவருக்குப் பணம் இல்லை.

முதல் மூன்று தவணைகளை நிம்மதியாகச் செலவழித்தேன். ஒரு தவணையில் வாங்கிய மின்விசிறிதான் இதை எழுதும்போதும் தலைக்கு மேல் சுற்றுகிறது.

2020இல் ஒரு செய்தி வந்தது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைந்துவிட்டார்களாம். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது, பணத்தைத் திரும்ப வசூலிப்பது என்று ஊரெல்லாம் அமளி. போலி விவசாயிகள் என்று பத்திரிகைகள் எழுதின. காலைக் காப்பியோடு அதைப் படித்த எனக்குச் சுருக்கென்றது. என்னை யாரும் தேடி வரப்போவதில்லை. என்னிடம் பட்டா இருக்கிறது.

அடுத்த தவணை வந்ததும் பணத்தை எடுத்து வைத்தேன். குத்தகை நெல்லோடு அண்ணன் வந்தபோது விஷயத்தைச் சொல்லி நீட்டினேன். உரச் செலவுக்குக்கூடக் காணாத பணம். ஆனாலும், ஏதோ தர்மப் பிரபுவைப் போல ஒரு பூரிப்பு எனக்கு.

அவர் வாங்கவில்லை.

"இது கிடக்கட்டும் தம்பி. நாலு மாவும் நான்தான் சாகுபடி பண்றேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சொசைட்டியில கடன் கேட்டா, பயிர் இன்சூரன்ஸ் கட்டப் போனா, எங்க போனாலும் நிலம் யாரதுன்னு கேக்குறான். வெள்ளம் வந்தாலும் நிவாரணம் பட்டாக்காரருக்குத்தான் போவுது."

நியாயமான கோரிக்கை. குத்தகைதாரரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969லேயே சட்டம் உண்டு. சாகுபடி செய்கிறவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1955 முதல் இன்னொரு சட்டமும் உண்டு. அந்த இரண்டாவது சட்டம்தான் சட்டென்று என் நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பெண் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க வேண்டியிருந்தால்? அப்பா ஏன் கடைசிவரை எல்லாவற்றையும் வாய்ப்பேச்சாகவே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு நாவலில் நாற்பது பக்கம் ஆவேசமாக எழுதியவன் நான்.

"வக்கீலைக் கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

"கேளுங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல."

என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார். நெல் கொண்டுவந்த சாக்குகளை உதறி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் மேஜைமேலேயே இருந்தன. விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் அவற்றின்மேல் டம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.