கூழுக்கு ஏற்ற வெஞ்சனம்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருமுனையில் கூழ் வண்டி வந்து நிற்கும். அருப்புக்கோட்டை வெயில் காலை ஒன்பது மணிக்கே தலையில் இறங்கும் நாட்கள் அவை. வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் கூழைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்றுதான் கேட்பார்கள். மோர்மிளகாய், சீனியவரைக்காய் வத்தல், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு, காணத் துவையல் என்று தட்டுத்தட்டாக இருக்கும். ஒவ்வொருவரும் தன் சொம்புக்கு வேண்டியதைப் பார்த்துப் பொறுக்குவார்கள். கருவாடு எடுத்தவர் துவையலைத் தொட மாட்டார். இந்தப் பொறுக்கலை எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாக்குக்கு உள்ள படிப்பு அது.

வைன் குடிக்கும் நாடுகளில் மீனுக்கு வெள்ளை வைன், ஆட்டுக்கறிக்குச் சிவப்பு வைன் என்று யோசித்து ஊற்றுவார்கள். அதற்குள் இருக்கும் சங்கதி எளிது. புளிப்பு, நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். துவர்ப்பு, கறியின் நெய்ப்போடு சேரும்போது மெதுவாகிவிடும். உப்பு, கசப்பை அடக்கும். புளித்த கூழுக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எங்கள் அப்பத்தா தீர்மானித்ததும் இதே கணக்கில்தான். வைனுக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. கூழுக்கு அப்பத்தாக்கள்தான் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருப்பதால், எனக்குத் தெரிந்த மட்டும் எழுதிவைக்கத் தோன்றியது.

எங்கள் கூழ் கம்பில் காய்ச்சுவது. அதனால் முதல் காரியம் கம்பு. மாவாக வாங்காதீர்கள், தானியமாக வாங்குங்கள். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரையில் மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது, நேரமில்லை என்று கடையில் கம்மாவுப் பாக்கெட் வாங்கிக் கூழ் காய்ச்சினேன். முதல் வாய் குடித்ததுமே நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. காறல். மோர் விட்டும் போகவில்லை, உப்புப் போட்டும் போகவில்லை. ஒரு பானைக் கூழையும் கீழே கொட்டினேன். கம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டிக் கொழுப்பு இருக்கிறது. அரிசியைவிட அது பல மடங்கு அதிகம். தானியம் முழுசாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பு பத்திரமாக இருக்கும். அரைத்து மாவாக்கியதும் காற்று பட்டு, தானியத்திலேயே உள்ள நொதியும் வேலைசெய்து, சில நாட்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அப்பத்தாவுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. "ஏத்தா, கரைக்கிறதுக்கு முன்னால மாவ மோந்து பாரு. மூக்குக்குப் புடிக்கலைன்னா நாக்குக்கும் புடிக்காது" என்பாள்.

தை மாசம் புதுக்கம்பு வரும்போது ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். தூசி கிளம்பாமல், லேசான பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மினுங்க வேண்டும். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தால் கடைசியில் ஓர் இனிப்புத் தட்டும். நாட்டுக்கம்பு பொடியாக இருக்கும், ஒட்டுக்கம்பு பருமனாக இருக்கும். 1965-ல் எச்.பி.1 என்ற முதல் ஒட்டுரகம் வந்த பிறகு நாட்டில் கம்பு விளைச்சலே மாறிப்போனது. அது எத்தனையோ வயிறுகளை நிறைத்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் கூழுக்கு என்று வரும்போது நாட்டுக்கம்பின் வாசனை வேறு. கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது புளிப்பு. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தித் தவிடு போகப் புடைத்து, மறுபடி இடித்துச் சலித்தால் மாவு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம். உரல் இல்லாதவர்கள் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டலாம், குருணை தூளாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவை மண்சட்டியில் கரைத்து மூடிவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புப் பட்டால் உலோக ருசி இறங்கிவிடும். உப்பு இப்போது போடக் கூடாது, புளிக்கவைக்கும் நுண்ணுயிரை அது மந்தப்படுத்தும். சித்திரையில் இரவு கரைத்தால் விடியும்போது தயார். மார்கழியில் ஒரு பகலும் சேர்ந்து போக வேண்டும். மேலே சின்னச் சின்ன நுரை கட்டி, உறைந்த தயிரின் வாசனை வந்தால் அதுதான் பதம். மூக்கில் சுருக்கென்று காடி வாடை அடித்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கொதிக்கிற தண்ணீரில் குருணையை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கை விடாமல் கிண்ட வேண்டும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது. ஆறியதும் உருண்டை பிடித்துக் கலயத்துத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டால், மறுநாள் காலையில் கரைத்துக் குடிக்கலாம். நைஜரிலும் வட நைஜீரியாவிலும் இப்படியே கம்பு மாவை உருண்டையாக வேகவைத்து, புளித்த பாலில் உதிர்த்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். உருண்டைக்கு ஃபுரா என்றும் பாலுக்கு நோனோ என்றும் பெயர். கம்பே அந்தப் பக்கத்துப் பயிர்தான். மாலி நாட்டில் 4,500 வருஷத்துக்கு முந்திய கம்புத் தடயம் கிடைத்திருக்கிறது. அதைப் படித்த அன்று, முகம் தெரியாத அந்த ஊர்ப் பெண்களும் எங்கள் அப்பத்தாவும் ஒரே கலயத்துக்குள் கைவிட்டுக் கரைப்பதுபோல இருந்தது.

கரைக்கும் மோரில்தான் பலரும் தவறுகிறார்கள். கூழ் ஏற்கெனவே புளித்தது. அதில் புளித்த மோரையும் விட்டால் நாக்கு மரத்துப்போகும். அன்று கடைந்த, புளிக்காத மோர்தான் வேண்டும். மாங்காய் ஊறுகாயையும் இதனால்தான் நான் கூழுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. பலருக்கு அது பிடிக்கும் என்று தெரியும். இருந்தாலும் புளிப்போடு புளிப்பு மோதினால் இரண்டுமே தோற்கின்றன.

கூழ் கேட்பது உப்பு, உறைப்பு, மொறுமொறுப்பு, கொஞ்சம் கசப்பு. மோர்மிளகாயில் முதல் மூன்றும் உண்டு, அவசரத்துக்கு அது ஒன்றே போதும். கூழ் இளம்புளிப்பாக இருக்கும் நாளில் சின்ன வெங்காயம் போதும், அதன் காட்டமே கம்பின் இனிப்பை எடுத்துக் காட்டிவிடும். நன்றாகப் புளித்த கூழுக்கு நெத்திலிக் கருவாடு. எண்ணெயில் பொரிக்காமல் தணலில் வாட்டினால் அதன் கொழுப்பு மேலே மினுங்கி நிற்கும். ஒரு கடி, ஒரு மடக்கு என்று போகும்போது ஒவ்வொரு மடக்கும் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கடிக்குத் தயாராக்கும். காணத் துவையல் கட்டியானது. அதை வைத்தால் கூழைத் தண்ணியாகக் கரையுங்கள். இனிப்புக் கேட்கும் பிள்ளைகளுக்கு மோர் விடாமல் கரைத்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது அதலைக்காயை. கரிசல்காட்டை விட்டுப் போனால் பலருக்குப் பெயரே தெரியாது. யாரும் விதைப்பதில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து தானாகத் துளிர்த்து, வரப்பிலும் புஞ்சை ஓரத்திலும் படரும். பாகற்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. விரல்நுனி அளவில் இரு முனையும் குறுகி, வரிவரியாக இருக்கும். திருச்சுழிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பாட்டி சந்தையில் சாக்கை விரித்து அதைக் கூறு கட்டி வைப்பார். போன மார்கழியில் இரண்டு கூறு வாங்கினேன். ஒரு காயை எடுத்துக் காம்புப் பக்கம் நகத்தால் அழுத்திக் காட்டினார். "நகம் பொசுக்குன்னு எறங்கணும் தாயி. இன்னைக்கே ஆக்கிப்புடு. நாளைக்குன்னு வச்சா வெடிச்சுப் பல்லைக் காட்டிரும்."

சொன்னபடி அன்றே ஆக்கினேன். இரு முனையையும் கிள்ளி, நறுக்காமல் முழுசாக நல்லெண்ணெயில் போட்டு, சின்ன வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் உப்பும் சேர்த்துத் தோல் சுருங்கும்வரை அடுப்பை அடக்கி வதக்கினேன். கடைசியில் வறுத்து இடித்த நிலக்கடலை ஒரு கை. கடித்தால் முதலில் உப்பும் எண்ணெயும், அடுத்து விதை மொறுக்கென்று உடையும், அப்புறம் அடித்தொண்டையில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு அடங்குவதற்குள் கூழை ஒரு மடக்குக் குடித்தால், கம்பு அதுவரை காட்டாத ஓர் இனிப்பைக் காட்டும். காய் ஓய்ந்த மாசங்களில் இந்த வேலையை மிதுக்கவத்தல் ஓரளவு செய்யும்.

உருண்டை கிடந்த தண்ணீரைச் சிலர் கீழே ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். இரவெல்லாம் கம்பின் சாரம் இறங்கி லேசாகக் கலங்கி நிற்கும் நீத்துத்தண்ணி அது. எங்கள் வீட்டில் கூழைக் கரைப்பதற்கு முன்னால் அதை மட்டும் தனியாக இறுத்து, இரண்டு உப்புக்கல்லும் தட்டிப்போட்ட ஒரு வெங்காயமும் சேர்த்து, முதலில் எழுந்து வருகிறவருக்குக் கொடுப்போம். அப்பத்தா இருந்தவரை அந்தச் சொம்பு அவளுக்குத்தான். இப்போது என் மகள் அலாரம் வைத்து எழுந்து வருகிறாள்.