எஞ்சின் விளக்கு யார் சொல் கேட்கும்?

அந்தமானின் டெலானிபூரில் வளரும் பிள்ளை ரயிலைப் பார்க்க வேண்டுமானால் கப்பலிலோ விமானத்திலோ கடலைத் தாண்டியாக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடும் யோசனை 2017-இல் பேசப்பட்டது, தண்டவாளம் வரவில்லை. சென்னைக்காரருக்கு மேசைமேல் ஓடும் மாதிரி ரயில் ஏற்கெனவே பழகிய ஒன்றின் சிற்றுரு. தீவுப் பிள்ளைக்கோ ரயிலின் நடப்பைச் சொல்லித்தரும் முதல் ஆசானே அதுதான். அதனால், மாதிரி எஞ்சினில் எதில் சமரசம் செய்தாலும் விளக்கில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அளவுகளில் ஏற்கெனவே சமரசம் இருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 வர வேண்டும். ஹெச்ஓ எனப்படும் அந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அந்த வித்தியாசம் கண்ணை உறுத்துவதில்லை. விளக்கு அப்படியல்ல, அது செய்தி சொல்கிறது. ஓடும் எஞ்சினில் மஞ்சள் பிளாஷர் மின்னினால், பக்கத்துப் பாதையில் வருபவர் ஆபத்தை உணர்ந்து வண்டியை நிறுத்த வேண்டும். எதிரே வண்டி வந்தால் லோகோ பைலட் ஹெட்லைட்டைக் குறைப்பார். இவை பெரும்பாலும் மனிதர் எடுக்கும் முடிவுகள்.

பழைய மாதிரி ரயிலில் அந்த முடிவுக்கே இடமில்லை. தண்டவாளத்தில் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்றுவார்கள். வண்டி மெதுவானால் விளக்கு மங்கும், நின்றால் அணையும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கிறது. கட்டளை அதிலேயே குறியீடாகப் போகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்து, மோட்டாரையும் விளக்கையும் தனித்தனியே இயக்குகிறது. 1990-களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இதைப் பொதுத் தரமாக்கியதால் ஒயர் நிறங்கள்கூட ஒன்றுபட்டன: நீலம் பொது நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, பச்சையும் ஊதாவும் கூடுதல் வெளியீடுகள். நம் எஞ்சினுக்குப் பச்சையில் பிளாஷரையும் ஊதாவில் சிவப்பு மார்க்கர் விளக்கையும் கோக்கலாம். எல்இடியின் நீளக் கால் நீல ஒயரில். குட்டைக் கால் ரெசிஸ்டர் வழியே வெளியீட்டு ஒயரில். நீல ஒயரில் 13 வோல்ட் இருந்து, வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொண்டால், 1,000 ஓம் ரெசிஸ்டர் மின்னோட்டத்தை 10 மில்லி ஆம்பியரில் நிறுத்தும். இதுவே அதிக வெளிச்சம் என்பதால் இன்னும் பெரிய ரெசிஸ்டரும் போடலாம். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் எல்இடி கருகும். பழைய எஞ்சின்களில் பல்பின் ஒரு முனை உலோக அடிச்சட்டத்தைத் தொட்டிருக்கும். அந்தத் தொடர்பை முதலில் துண்டிக்காவிட்டால் டிகோடரும் போய்விடும்.

இழை பல்பின் இளமஞ்சள் அழகு எல்இடியில் வராது என்கிறார்கள். பழைய நீல வெள்ளை எல்இடிகளைப் பார்த்துச் சொன்ன குறை அது. இப்போது இளமஞ்சள் நிறத்திலேயே கிடைக்கின்றன. மேலும் குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், சிறிய டிகோடருக்கு அது கெடுதல். பல்பின் சூடு பிளாஸ்டிக் கூட்டையும் உருக்கக்கூடும். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது, கடலோரத்துக்கே உரியது. உப்புக்காற்றில் தண்டவாளம் மங்கிச் சக்கரத்தின் தொடர்பு விட்டுவிட்டு வரும். இழையில் சூடு தங்கியிருப்பதால் பல்பு அதை மறைக்கும், எல்இடி ஒவ்வொரு தடங்கலுக்கும் துடிக்கும். துடிப்பது உண்மை. ஆனால் அது அழுக்கைக் காட்டிக்கொடுக்கிறது. அதே தடங்கல்தான் மெதுவாக ஓடும் மோட்டாரையும் திக்கவைக்கிறது. தண்டவாளத்தைத் துடைத்து, டிகோடருடன் ஒரு மின்தேக்கியைச் சேர்த்தால் இரண்டும் சீராகும்.

இத்தனை செலவு எதற்கு, கைபேசி விளையாட்டில் எல்லா எஞ்சினும் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. திரையில் விளக்கு எப்படி எரிய வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டார். இங்கே எந்தப் பொத்தானுக்கு எந்த விளக்கு, எப்போது மங்க வேண்டும் என்பதைப் பிள்ளையே டிகோடரில் எழுதுகிறது. எழுத வேண்டுமானால் ரயில்வே விதியைத் தெரிந்துகொண்டாக வேண்டும். செலவு மட்டும் நியாயமான கவலை. கையில் இருப்பது குறைவென்றால் ஹாரன் ஒலி தரும் விலையுயர்ந்த டிகோடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கு விளக்கு வெளியீடுகள் உள்ள சாதாரண டிகோடரே முதலில் வாங்க வேண்டியது.