அக்கா பிசையும் மீன் தீவனம்

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் பக்கம், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அந்தப் பண்ணைக்குட்டை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டிருக்கிறார்கள். "கல்வராயன் மலையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், தம்பி. வயக்காட்டைத் தாண்டி வர்றதுக்குள்ள உரமும் பூச்சிமருந்தும் சேந்துடுது" என்றார் பண்ணைக்காரர்.

தீவனம் பிசைவது அவர் மனைவி. கடலைப்புண்ணாக்கை உடைத்ததும் முதலில் மோந்து பார்த்தார். பூசண வாடை அடித்தால் அந்தக் கட்டி ஒதுக்கப்படும். பூசண நஞ்சு முதலில் தாக்குவது ஈரலை. தண்ணீரிலிருந்து உடம்பில் ஏறும் நஞ்சை முறிக்க வேண்டியதும் அதே ஈரல்தான். கெட்ட புண்ணாக்கில் எந்தச் சத்துப்பொடியைக் கலந்தாலும் வீண்.

தவிடும் கருவாட்டுத் தூளும் சேர்த்த பிறகு, குச்சிக்கிழங்கு மாவில் காய்ச்சிய கஞ்சி. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். "சுடச்சுட ஊத்தினா பொடி செத்துப்போயிடும் தம்பி." அவர் சொல்வது வைட்டமின் சி. ஆடும் மாடும் அதைத் தம் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கெண்டை மீனால் முடியாது. குறைந்தால் முதுகெலும்பே கோணிவிடும். பூச்சிமருந்தும் கன உலோகங்களும் செவுளையும் ஈரலையும் அரிக்கும்போது, வைட்டமின் சி, இ இரண்டும் அந்தச் சேதத்தைத் தணிக்கின்றன. ஆனால் சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் எளிதில் சிதையும், தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். அதனால்தான் பாஸ்பேட்டோடு பிணைத்த வகையை வாங்குகிறார்கள். உருண்டைமேல் மெல்ல எண்ணெயும் தடவுகிறார்கள். மஞ்சள், பூண்டு கலந்த தீவனத்தாலும் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பலன் கிடைத்திருக்கிறது. தொட்டி வேறு, வயல் வடிகால் இறங்கும் குட்டை வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீவனத்தில் கலக்காத மருந்து ஒன்றும் கரையில் இருந்தது: ஒரு மூட்டை கல்லுப்பு. தண்ணீரில் நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகி, உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. பொடியும் உப்பும் தீர்க்க முடியாத கேடும் உண்டு. மலையிலும் அடிவாரத்திலும் விளையும் குச்சிக்கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சுத்திகரிக்காத ஆலைக் கழிவு ஓடையில் கலந்தால், அதிலுள்ள மாவுச்சத்து அழுகித் தண்ணீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். கிழங்கின் சயனைடும் கூடவே வரும். மூச்சு முட்டும் மீனுக்குப் பொடி கொடுத்து என்ன பயன்? தடுக்க வேண்டிய இடம் ஆலையின் வாய்க்கால்.

விடியலில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அக்கா தீவனம் போடுவதில்லை. தின்னாத தீவனம் அழுகி அம்மோனியா ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கடைக்காரர்கள் சத்துப்பொடியைப் பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்கள். அக்காவின் இந்தக் கணிப்பு அந்தப் பொட்டலங்கள் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் உயிர்வளி, அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைப் பெட்டி இந்தக் கரையில் இல்லை. முதல் செலவு அதற்குத்தான் ஆக வேண்டும் என்று பண்ணைக்காரரிடம் வற்புறுத்தினேன். உயிர்வளியை விடியலிலும், அம்மோனியாவைக் கார அளவு ஏறும் பிற்பகலிலும் பார்க்க வேண்டும் என்றேன். "நாலு குட்டைக்காரங்க சேந்து ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் அக்கா, கையைக் கழுவிக்கொண்டே.