நாற்பத்தைந்து நாள் வண்டி

கிழக்கு மேற்கு ரயில் பாதை முடியும் ஊர் பாசிர் ரிஸ். ரயிலைவிட்டு இறங்கி நடந்தால் பூங்கா, அதைத் தாண்டினால் கடல், எதிரே புலாவ் உபின். அங்கே கார் நிறுத்துமிடத்தில்தான் அந்த ஃபோக்ஸ்வேகன் கோம்பியைப் பார்த்தேன். உள்ளே மடக்குப் படுக்கை, சின்ன அலமாரி. 1950ல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கி, 2013ல் பிரேசிலில் நின்றுபோன வண்டி.

“பல வருஷம் ஓடாம கிடந்துச்சு தம்பி,” என்றார் உரிமையாளர்.

அவர் வண்ணத்தில் தொடங்கவில்லை. நம் ஊர் ஈரத்தில் துரு, சக்கர வளைவிலும் கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அரித்த தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்தார். பிறகு பிரேக். அடுத்து பெட்ரோல் குழாய்கள். இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. குழாய் வெடித்துக் கசிந்தால் சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும். வண்ணம் கடைசியில்தான்.

இவ்வளவு பாடுபட்டு எங்கே போவது? சிங்கப்பூரின் நீளமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 35 வயது கடந்த வாகனங்களுக்கான நிலப் போக்குவரத்து ஆணையத் திட்டத்தில், ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். பூங்காவில் முகாமிட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

“45 நாளும் யாரோட போறதுன்னு ஜனவரியிலேயே எழுதி வெச்சிடுவேன்,” என்றார். பேரப்பிள்ளைகள் பெயர்தான் அதிகமாம்.

தினமும் ஓடும் கார் வைத்திருப்பவர்கள் அப்படி ஒரு பட்டியல் போடுவதில்லை. போட்டுப் பார்க்கலாம். பாசிர் ரிஸுக்கு ரயிலிலேயே வரலாம்.