ஒரு தடவை சொன்னால் எழுத வருமா?

கம்பெனி பதிவு செய்து கொடுப்பது என் தொழில். ஊர் கோயம்புத்தூர் என்பதால் முன்பெல்லாம் பம்ப்செட், ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி என்று வருகிறவர்களே அதிகம். பெயருக்காக அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. குலதெய்வத்தின் பெயரோ தாத்தாவின் பெயரோ முன்னால் வரும், பின்னால் 'இண்டஸ்ட்ரீஸ்' சேர்ந்தால் வேலை முடிந்தது. இப்போது ஸ்டார்ட்அப் தொடங்கும் பிள்ளைகள் வருகிறார்கள். மென்பொருள் தயாராக இருக்கும், வாங்கிப் பார்க்க ஒரு வாடிக்கையாளர்கூட ஒப்புக்கொண்டிருப்பார், பெயர் மட்டும் முடிவாகியிருக்காது.

பெயர்தானே என்று நான் அவர்களை அவசரப்படுத்துவதில்லை. பில்லில், மின்னஞ்சலில், வங்கிக் கணக்கில், சம்பளச் சீட்டில் ஏறப்போவது அதுதான். பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் அம்மா சொல்லப்போவதும் அதைத்தான். பிறகு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்குச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அப்புறம் பான் கார்டு, ஜி.எஸ்.டி., வங்கி என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். முதலிலேயே நிதானமாக யோசிப்பது நல்லது.

நடைமுறை எளிது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற படிவம் இருக்கிறது. அதன் முதல் பகுதியில் இரண்டு பெயர்களை எழுதி 1,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒப்புதல் கிடைத்த பெயர் 20 நாள் நமக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரோடு 'எஸ்' சேர்ப்பது, நடுவில் இடைவெளி விடுவது, சொற்களை முன்பின் மாற்றுவது, ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றுவது எதுவும் செல்லாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது.

அந்த ஒப்புதல் வந்ததும் பெயர் தங்களுடையது ஆகிவிட்டதாக நினைத்து போர்டு எழுதக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் கவலை. கம்பெனிப் பதிவாளர் வேறு, டிரேட்மார்க் பதிவகம் வேறு. டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மென்பொருள் 9-வது வகுப்பு, மென்பொருள் சேவை 42-வது வகுப்பு. அங்கே தேடிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் வெளியே சொல்லாதீர்கள். இன்னொன்று, செய்யும் தொழிலை அப்படியே சொல்லும் பெயருக்கு அங்கே பதிவு கிடைப்பது கஷ்டம். பில் போடும் மென்பொருளுக்கு 'பில்லிங் சாஃப்ட்வேர்' என்றே பெயர் வைத்து, அந்தச் சொல் எனக்கு மட்டும் சொந்தம் என்று கேட்டால் எப்படிக் கொடுப்பார்கள்? அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சட்டத்தைவிடக் கடினமான சோதனை காது. அமேசானை ஜெஃப் பெசோஸ் 1994-ல் பதிவு செய்தபோது வைத்த பெயர் கடாப்ரா. மந்திரவாதிகள் சொல்லும் 'ஆப்ரகடாப்ரா'விலிருந்து எடுத்தது. தொலைபேசியில் அதைக் கேட்ட வழக்கறிஞரின் காதில் 'கடாவர்' என்று விழுந்தது. அறுத்துப் படிக்க வைத்திருக்கும் பிணத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். பெசோஸ் பெயரை மாற்றினார், உலகின் மிகப் பெரிய ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். காகிதத்தில் அழகாக இருந்த பெயர் ஒரு போன் பேச்சில் விழுந்துவிட்டது.

அதனால் என்னிடம் வருகிற எல்லோரையும் ஒரு போன் பேச வைக்கிறேன். கடைகளின் சரக்கு இருப்பைக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் செய்த மூன்று பேர் வந்தார்கள். ஆங்கிலத்தில் க்யூவில் தொடங்கி எக்ஸில் முடியும் பெயர் வைத்திருந்தார்கள். டொமைன் கிடைத்தது, லோகோகூட வரைந்தாகிவிட்டது. "இந்த மென்பொருளை நாளைக்கு யார் உட்கார்ந்து ஓட்டுவார்?" என்று கேட்டேன். டவுன்ஹால் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமாவின் கணக்குப்பிள்ளை என்றார்கள். அவரையே கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லி, எழுதிப் படித்துக் காட்டச் சொன்னோம். "தம்பி, இது கே போடறதுங்களா, சி போடறதுங்களா?" என்றார் அவர். க்யூ அவர் நினைப்பிலேயே இல்லை. கடைசி எழுத்தை எஸ் என்றே எழுதியிருந்தார். மூவரில் இளையவனான பையன்தான் முதலில் பேசினான்: "அண்ணா, அவருக்கே வரலைன்னா யாருக்குண்ணா வரும்?" அன்று மாலையே அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் அதிலிருந்துதான் மதிப்பு கூடியது.

எழுத்தைத் தின்றுவிடும் பழக்கத்தைப் பரப்பியதில் ஃபிளிக்கருக்குப் பங்குண்டு. 2004-ல் தொடங்கிய அந்தப் புகைப்படத் தளத்துக்கு முறையான எழுத்துக்கூட்டலில் முகவரி கிடைக்கவில்லை, ஒரு 'இ'யை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பொருந்தியது. அவர்களைப் பார்த்துச் செய்த பலருடைய பெயரை இன்று யாரும் சரியாகத் தட்டுவதில்லை. நம் பக்கத்தில் நேர்மாறு: எண் கணிதம் பார்த்து ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்த நம்பிக்கையை நான் தடுப்பதில்லை. கம்பெனியின் சட்டப் பெயரில் அந்த எழுத்து இருக்கட்டும், வாடிக்கையாளர் தட்டும் பெயரில் வேண்டாம் என்று சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்தது, பெயருக்குள் வளர இடம் வேண்டும். இதற்கு சோனியின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1946-ல் மசாரு இபுகாவும் ஆகியோ மொரிட்டாவும் தொடங்கியபோது அதன் பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல் கம்பெனி என்று பொருள். வெளிநாட்டில் விற்கப் போனபோது அந்தப் பெயர் அமெரிக்கர்கள் வாயில் நுழையவில்லை. ஒலியைக் குறிக்கும் 'சோனஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 'சோனி'யைப் பிடித்தார்கள். 1955-ல் டிரான்சிஸ்டர் ரேடியோவில் அந்தப் பெயர் வந்தது, 1958-ல் கம்பெனிக்கே அதை வைத்தார்கள். கடன் கொடுத்த வங்கிக்கு இது பிடிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு நிலைநிறுத்திய பெயரை ஏன் தூக்கிப் போட வேண்டும், மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பின்னால் 'எலக்ட்ரானிக்' என்றாவது இருக்கட்டுமே என்றார்கள். மொரிட்டா இணங்கவில்லை. நாளைக்கு என்ன தொழில் செய்வோம் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். அந்தக் கம்பெனி பின்னாளில் இசை, சினிமா, ஆயுள் காப்பீடு வரை போனது. 'எலக்ட்ரானிக்' ஒட்டியிருந்தால் அந்தத் தொழில்களில் எல்லாம் பெயர் இடறிக்கொண்டே இருந்திருக்கும்.

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃபிரஷ்டெஸ்க், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளைத் தாண்டி விரிந்ததும் 2017-ல் ஃபிரஷ்வொர்க்ஸ் ஆனது. பாதிப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது கெட்டிக்காரத்தனம். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பெனி, தன் இணையச் சேவைக்கு வைத்த ஜோஹோ என்ற பெயர் ஊன்றியபின் 2009-ல் தானே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இப்போது வருகிற பிள்ளைகள் எல்லோரும் பெயரின் வாலில் 'ஏ.ஐ.' கேட்கிறார்கள். இணைய முகவரியில் அந்த வால் அங்குவிலா என்ற சின்ன கரீபியன் தீவின் நாட்டுக் குறியீடு. முகவரியில் அதை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. கம்பெனிப் பெயரிலேயே பதிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கம்பெனிப் பெயரோடு 'டாட் காம்' சேர்ப்பது பெருமையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று யார் சேர்க்கிறார்கள்?

தமிழில் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்களும் உண்டு. தாராளமாக வைக்கலாம். ஜோஹோ தன் உலாவிக்கு 'உலா' என்றும், 2021-ல் கொண்டுவந்த செய்திச் செயலிக்கு 'அரட்டை' என்றும் பெயர் வைத்தது. 2025 செப்டம்பர் இறுதியில் அரட்டையை நாடெங்கும் தரவிறக்கத் தொடங்கியபோது, தமிழ் தெரியாத எங்கள் வாயில் நுழையவில்லை, மாற்றுங்கள் என்று சமூக ஊடகங்களில் பலர் எழுதினார்கள். தமிழ்ப் பெயர் என்பதால் காதுச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. ழகரம் வந்தால் ஆங்கிலத்தில் இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்ற குழப்பம் வரும். க வந்தால் கே போடுவதா, ஜி போடுவதா என்று எழுதுபவர் தடுமாறுவார். இரண்டு மூன்று எழுத்தில், எந்த ஊர்க்காரரும் ஒரே மாதிரி உச்சரிக்கும் சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. 'உலா' அப்படிப்பட்ட ஒன்று. தேடினால் கிடைக்கும்.

பெயர் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படிவத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் மென்பொருளை நாளெல்லாம் உபயோகிக்கப் போகிற ஒருவருக்கு போன் போடுங்கள். நண்பர்களுக்கு வேண்டாம், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பெயரை ஒரே தடவை சொல்லுங்கள், எழுத்துக் கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் எழுதியது சரியாக இருந்தால் டிரேட்மார்க் தளத்தில் தேடிவிட்டு, அப்புறம் அந்த 1,000 ரூபாயைக் கட்டுங்கள்.