சித்தப்பா பாடம் பண்ணின விரால்

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்கு ஒரு விரால் மீன்.

1987. நான் பத்தாவது. பாடம் படிக்க வேண்டிய நான் சும்மா இருக்க, சித்தப்பா மீனைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். காரணம், மைசூர். அங்கே ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் புடவை கொண்டு போனவர், சுவரில் புலித்தலையையும் பக்கத்திலேயே ஒரு மீனையும் பார்த்துவிட்டார். புலி அவரை ஒன்றும் செய்யவில்லை. மீன்தான் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேனிடம், 'உப்பு, படிகாரம்' என்று அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த மழைக்கு ஏரியில் அவர் தூண்டிலில் விழுந்தது நாலு கிலோ விரால். ஒன்றரை முழம். தெருவே குழம்புக்கு ரெடி. சித்தப்பா மட்டும், "இத்த யாரும் தொடக்கூடாது" என்று தறிமேடைக்குத் தூக்கிப் போய்விட்டார்.

ஜரிகை இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற விரல்கள் சார் அவை! சுவர்ப் பக்கம் வரப்போகிற விலாவில் நீளமாக ஒரு கீறல். ஒரு செதில் உதிராமல் தோலை உரித்தெடுத்தார். சதை மட்டும் அம்மாவுக்கு. தோலுக்குள் உப்பும் படிகாரமும் தேய்த்து, தறியில் மிச்சமான பட்டுக் கழிவைத் திணித்து, பட்டு நூலாலேயே தைத்தார். தையல் எங்கே என்று கண்டுபிடித்தால் காசு தருகிறேன் என்று தெருவில் பந்தயம் வேறு. வால் சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய ஜக்கார்டு அட்டை வைத்துக் கட்டினார். காய்ந்தபின் பிரித்தால், வாலில் அட்டை ஓட்டைகளின் தடம் புள்ளி புள்ளியாக. வாலிலும் புட்டா போட்ட ஒரே விரால் உலகத்தில் அதுதான்! கண்ணுக்குக் கருகமணி. காயக் காய நிறம் போய்விட்டதால் பெயின்ட். "வயிறு வெள்ளை இல்லடா, கோறா கலரு" என்று எனக்குக் கிளாஸ் எடுத்தார்.

மூன்றாவது வாரம் நாற்றம் ஆரம்பித்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன். சித்தப்பா முதலாளி வீட்டுக்குப் பாவு வாங்கப் போயிருந்த நேரம், சாக்கில் சுருட்டிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவர் வெறும் ஆணியைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். தறிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பிற்பாடு சென்னையில் வேலை. எழும்பூர் மியூசியத்தில் பாடம் பண்ணின மிருகங்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் விரால் ஞாபகம்தான். விசாரிக்க ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர்கள் அதே மைசூரில் இருந்த வான் இங்கன் குடும்பத்தார். 1900 வாக்கில் ஆரம்பித்து, மகாராஜாக்களும் துரைமாரும் சுட்ட புலி, சிறுத்தைகளை நாற்பதாயிரத்துக்கும் மேல் பாடம் பண்ணினார்களாம். அவர்களில் ஒருவர் 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹசீர் மீனைத் தூண்டிலில் பிடித்தவர். (சித்தப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. நாலு கிலோ பாவம்.) 1972 வனவிலங்குச் சட்டத்தோடு புலி வேட்டை சட்டப்படி முடிந்தது. 1990-களின் கடைசியில் அந்தப் பட்டறையையும் மூடிவிட்டார்கள்.

உள்ளே வைக்கோல் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. காகிதக் கூழில் புலியின் உடம்பை அச்சு வார்த்து, அதன்மேல் பதப்படுத்திய தோலைப் போர்த்துவார்கள். கண் கண்ணாடி. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் ஆர்சனிக் சோப்பு. ஆகவே பழைய புலி எதையும் செல்லமாகத் தடவிக்கொடுக்காதீர்கள். மீனுக்குப் பெரும்பாலும் வெண்காரம். மீனில் சிக்கலே தலைதான். செவுள், கண், மூளை, கன்னத்துச் சதை, எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். துளி மிச்சமிருந்தாலும் நாறும்.

கன்னம்! சித்தப்பா தலைப் பக்கமே போகவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சொன்னேன். தறி இல்லை இப்போது. குழியை மூடி சிமென்ட் பூசியாயிற்று. அவருக்கு எழுபத்தாறு வயது.

"ரெண்டு ஸ்பூன் சதைதான் சித்தப்பா. கன்னத்துல இருந்தது."

கொஞ்ச நேரம் தன் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"அத்த வெளிய போட்டது... நான்தான்."

"தெரியும்டா. சாக்கக் காணோமே அன்னைக்கி!" என்றவர், பின்பக்கம் திரும்பி ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வா, ஏரில தண்ணி நிக்குதாம். இன்னாதான் இருக்குதுன்னு பாத்துட்டு வரலாம்."