லிஸ்பனில் குடித்தனம்

லிஸ்பன் நகரம் ஏழு குன்றுகளின்மேல் அமைந்தது என்று யாத்திரைப் புத்தகங்கள் எல்லாம் சொல்லுகின்றன. காய்கறிப் பையுடன் வீடு திரும்பும் தம்பதிகளைக் கேட்டால், எழுபதுக்குக் குறையாது என்பார்கள். பழனி மலைப் படிகளைச் சிரமமின்றி ஏறியவர்களுக்கும் இங்கே மூச்சு வாங்கும். பழனியிலாவது மேலே போனால் சுவாமி தரிசனம் உண்டு. இங்கே மேலே போனால் அடுத்த குன்றின் தரிசனந்தான்!

போர்த்துக்கல் தேசத்தின் தலைநகரான இந்த ஊரில் சில மாதங்கள் குடித்தனம் செய்யும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. 'அல்பாமா' என்னும் பழைய பேட்டையில், மூன்றாவது மாடியில் ஜாகை. 1755-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி பூகம்பமும் கடற்பெருக்கும் தீயும் ஒன்றுசேர்ந்து லிஸ்பனைப் பாழாக்கியபோது, பெரும்பாலும் தப்பிப் பிழைத்த பகுதி இது. இங்குள்ள சந்துகள் சிலவற்றில் இருவர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் நேர்ந்த நாட்களில் இது பெரிய சௌகரியம்.

புறப்படும்போது போர்த்துக்கீசிய பாஷை கற்பிக்கும் புத்தகம் ஒன்று வாங்கிப் போனோம். எங்கள் இருவரில் புத்தகத்தைப் படித்தவர் ஒருவர். பாஷையைப் பேசியவர் மற்றொருவர். யார் எவர் என்பதைக் குடும்ப சமாதானத்தை முன்னிட்டு வெளியிடவில்லை.

வீட்டுக்கார மூதாட்டி முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். 'ஷாவ்' என்று ஒன்றைக் கையில் கொடுத்தாள், பார்த்தால் சாவி! 'ஜனெலா' என்று திறந்தாள், ஜன்னல்! 'மேஸா' என்று தட்டிக் காட்டியது மேஜை, 'அர்மாரியு' அலமாரி, அதற்குள் மடித்து வைத்திருந்த 'துவால்யா' சாக்ஷாத் நம் துவாலையேதான். எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடல் கடந்தே அறியாத நம் பாட்டிமார்கள் ஆயுள் முழுவதும் அரை வீட்டைப் போர்த்துக்கீசிய பாஷையில் அல்லவா நடத்தி வந்திருக்கிறார்கள்!

கொடுத்தது அவர்கள் மட்டுமல்ல. ஒரு சமயம் எங்களில் ஒருவருக்குக் கடுமையான ஜலதோஷம். மூதாட்டி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, 'கான்ஜா' கொண்டு வருவதாகச் சொன்னாள். கஞ்சா என்று காதில் விழவே நோயாளி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் விஷயம் விளங்கிற்று. கோழிச் சாற்றில் அரிசியை வேகவைத்து நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியம் அது. பெயர் மட்டும் நம் தென்னாட்டுக் கஞ்சியிலிருந்து போனது. "நாங்கள் மாமிசம் சாப்பிடுவதில்லையே, அம்மா!" என்றோம். மூதாட்டி வெகு நேரம் யோசித்தாள். பிறகு கோழியை நீக்கி, அரிசியும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சி எடுத்து வந்தாள். நாலு நூற்றாண்டுகள் அயல்நாட்டில் திரிந்த நம் கஞ்சி அன்றைக்குத்தான் சுய ரூபம் பெற்றது!

ஊரைச் சுற்றிப் பார்க்க 28-ம் நம்பர் டிராமைப்போல் உகந்தது வேறில்லை. மஞ்சள் வர்ணம் பூசிய சிறிய வண்டி. வீட்டுச் சுவர்களை உரசாத குறையாக முனகிக்கொண்டு மலை ஏறும். அதன் நெற்றியில் 'பிரஸேரெஷ்' என்று எழுதியிருந்தது. புத்தகத்தைப் புரட்டினோம்; 'இன்பங்கள்' என்று அர்த்தம். ஆவலுடன் கடைசி வரையில் போய் இறங்கினால், எதிரே இருப்பது மயானம்! அந்தப் பேட்டையின் பெயரே மயானத்துக்கும் வந்துவிட்டதாம். பட்டினத்தடிகள் இந்த ஊரில் டிராம் ஓட்டியிருப்பாரோ என்று தோன்றியது.

இன்னொரு நாள் தேஜோ நதிக்கரையோரமாக மேற்கே பெலெம் என்னும் இடத்துக்குச் சென்றோம். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தின் சிற்ப வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. உள்ளே நுழைந்தால் வாஸ்கோ ட காமாவின் சமாதி. 1498-ல் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கியவர். 1524-ல் கொச்சியில் இறந்தவர். சலவைக்கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். 1502-ல் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றை ஆண், பெண், குழந்தைகளுடன் எரித்தவரும் இவரே. அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. இவர் வழியே வந்தவர்கள் கோவாவை விட்டு வெளியேற 1961 வரையில் அல்லவா நாம் காத்திருக்க நேர்ந்தது!

வெளியே வந்து நதிக்கரையில் உட்கார்ந்தபோது வேறு மூவரின் நினைவு வந்தது. 1554-ல் இதே லிஸ்பன் நகரில் ஒரு சிறு கிறிஸ்தவ ஜபப் புத்தகம் அச்சாயிற்று. அதில் உள்ள தமிழ் ரோமன் எழுத்தில் இருக்கிறது. அச்சு யந்திரம் கண்ட முதல் தமிழ் அதுவே என்பர். தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது பிறகு 1578-ல். லிஸ்பன் புத்தகத்தைத் தயாரித்தவர்கள், போர்த்துக்கீசியப் பெயர் பூண்டு இங்கே வசித்த மூன்று இந்தியர்கள். அவர்களும் இந்தக் குன்றுகளில் மூச்சு வாங்க ஏறித்தான் இருப்பார்கள். ஜலதோஷம் வந்த நாளில் ஊர்க் கஞ்சியை நினைத்து ஏங்கித்தான் இருப்பார்கள். அவர்களுக்குச் சலவைக்கல் சமாதி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

லிஸ்பனுக்குச் செல்லும் நேயர்கள் காமாவின் சமாதியைப் பார்க்க வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், முகமறியாத அந்த மூவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.